செங்குன்றுகளுக்கு நடுவே மீன்குளம்: ஃபீனிக்ஸ் பாபகோ பூங்காவில் ஒரு சுற்றுநடை

அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் உள்ள அரிசோனா மாநிலத்தின் தலைநகரான ஃபீனிக்ஸ், தன் கிழக்கு எல்லையில் டெம்பி, ஸ்காட்ஸ்டேல் ஆகிய அண்டை நகரங்களைத் தொடும் இடத்தில், செந்நிறப் பாறைக் குன்றுகள் சில சமவெளியிலிருந்து திடீரென எழுந்து நிற்கின்றன. அக்குன்றுகளையும் அவற்றைச் சூழ்ந்த பாலைநிலத்தையும் உள்ளடக்கி ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடப்பது பாபகோ பூங்கா. குன்றுகளின் அடிவாரத்தில், பனையினத்து மரங்கள் வரிசையாக நிற்கும் கரைகளுக்கு நடுவே மூன்று சிறு குளங்கள் உள்ளன. அவற்றைச் சுற்றிவந்து, அருகிலுள்ள குன்றொன்றில் இயற்கை குடைந்த துளைவரை ஏறி இறங்கினால் ஒரு மணி நேரத்திற்குள் நடை முடிந்துவிடும். முதியோரும் சிறுவரும் அச்சமின்றி மேற்கொள்ளக்கூடிய இந்த நடையில் உடலுக்குக் கடினமானது எதுவும் இல்லை. கடினமாக இருந்தது அந்த இடத்தில் நீரை நிறுத்தி வைத்ததே. அதற்குப் பின்னால் ஓர் ஆற்றின் வரலாறும், அந்த ஆற்றை நம்பி வாழ்ந்த மக்களின் வரலாறும் கிடக்கின்றன. அவற்றை அறிந்து நடப்பவருக்கு இச்சிறு குளங்கள் அரிசோனாவின் புகழ்பெற்ற பள்ளத்தாக்குகளுக்கு நிகரான காட்சியாகிவிடும் என்பது மிகையன்று.

இந்நிலம் சோனோரன் பாலைநிலத்தின் ஒரு பகுதி. அரிசோனாவின் தென்பாதியிலும் கலிஃபோர்னியாவின் தென்கிழக்கிலும் மெக்சிகோவின் சொனோரா, பாஹா பகுதிகளிலும் பரவியுள்ள இப்பாலைநிலம் ஆண்டில் இருமுறை மழை பெறுகிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் மெல்லிய மழை குளிர்காலத்தில் பெய்கிறது; ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் இடியும் புழுதிப்புயலும் கூடிய மழை பெய்கிறது. இரண்டையும் சேர்த்தாலும் ஃபீனிக்ஸின் ஓராண்டு மழை ஏறத்தாழ 18 முதல் 20 சென்டிமீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை இதே அளவை ஓரிரு நாளில் பெற்றதுண்டு. ஆயினும் ஆண்டுக்கு இருமுறை மழை என்னும் இவ்வமைப்பே, மணல்மேடுகள் மட்டும் நிறைந்த வறள்நிலமாக இதை ஆக்காமல், மரங்களும் பெருங்கள்ளிகளும் செழித்து நிற்கும் நிலமாக ஆக்கியிருக்கிறது.

பூங்காவை ஊடறுத்துச் செல்லும் கால்வின் பார்க்வே எனும் சாலையிலிருந்து கிழக்கே திரும்பி, வண்டி நிறுத்துமிடத்தை அடைந்ததும் நடை தொடங்கிவிடுகிறது. காலடியில் மண் இல்லை. கருங்கல் உதிர்ந்து பொடியாகிய சரளையே எங்கும் பரந்திருக்கிறது. அதன்மேல் ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு நிற்கும் புதர்கள் கிரியோசோட் எனப்படுபவை. சிறிய இலைகளில் பிசின் பூசினாற்போல் பளபளக்கும் இச்செடி, மழைத்துளி பட்டவுடன் வெளியிடும் கூர்மணத்தையே இவ்வூர் மக்கள் மழையின் மணமாக அறிகின்றனர். அடுத்து நிற்பது பச்சைத் தண்டுடைய பாலோ வெர்டே மரம். கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டு, தண்டிலும் கிளைகளிலும் உள்ள பச்சையத்தைக் கொண்டே உணவு தயாரித்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. நீர் சிறிதேனும் தேங்கும் தாழ்வுகளில் மெஸ்கீட் மரங்கள் வளர்ந்திருக்கின்றன. இராமநாதபுரத்திலோ விருதுநகரிலோ இருந்து வருபவர் இம்மரத்தைக் கண்டால் நின்று பார்ப்பார். தமிழகத்தின் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு இது. அங்கே வெறுக்கப்படும் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் தன் தாய்நிலத்தில் பெருமதிப்புக்குரியது. இதன் இனிப்பான காய்களை உலர்த்தி இடித்து மாவாக்கி உண்ட பழங்குடி மக்கள், பஞ்சகாலங்களில் இம்மாவைக் கொண்டே உயிர் தாங்கினர்.

இவை அனைத்திற்கும் மேலாகத் தலைநிமிர்ந்து நிற்பது சவாரோ. சோனோரன் பாலைநிலம் தவிர உலகில் வேறெங்கும் தானாக வளராத இப்பெருங்கள்ளி, 12 மீட்டர் உயரம் வரை வளரக்கூடியது. 150 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. பக்கக் கிளை ஒன்று தோன்றவே பெரும்பாலும் ஐம்பது முதல் நூறு ஆண்டுகள் பிடிக்கும். இளஞ்செடிப் பருவத்தில் வெயிலையும் உறைபனியையும் தாங்க இயலாததால், பாலோ வெர்டே போன்ற ஒரு மரத்தின் நிழலில் விழுந்த விதையே பிழைக்கிறது. அவ்வாறு காக்கும் மரத்தைத் தாவரவியலார் செவிலி மரம் என்கின்றனர். உடலின் நெடுக்கே மடிப்பு மடிப்பாக உள்ள வரிகள் மழைக்குப் பின் நீர் குடித்து விரிந்தும், வறட்சியில் மீண்டும் சுருங்கியும் ஓர் ஆண்டின் மழைக்கணக்கை வெளிப்படுத்தும். கிலா மரங்கொத்தி எனும் பறவை இதன் சதையைக் குடைந்து கூடமைக்கிறது. காயம்பட்ட இடத்தைச் சுற்றிக் கள்ளி தானே கட்டியான ஓடொன்றை உருவாக்கிக்கொள்ள, மரங்கொத்தி விட்டுச்சென்ற அந்தப் பொந்தில் பின்னர் சிறு ஆந்தைகள் குடியேறுகின்றன.

இச்சவாரோக்களுக்காகவே 1914ஆம் ஆண்டு சனவரியில் அதிபர் உட்ரோ வில்சன் இந்நிலத்தைப் பாபகோ சவாரோ தேசிய நினைவிடமாக அறிவித்தார். தேசிய நினைவிடம் என்பது இயற்கை அல்லது வரலாற்றுச் சிறப்புடைய நிலத்தை அதிபர் தம் ஆணையால் பாதுகாப்புக்கு உட்படுத்தும் முறையாகும். ஆனால் நகரம் நெருங்கி வளர, சாலைகளும் மின்கம்பிகளும் நிலத்தை ஊடறுத்தன. கள்ளிகள் பிடுங்கப்பட்டும் சிதைக்கப்பட்டும் அழிந்தன. 1930 ஏப்ரலில் நாடாளுமன்றம் நினைவிடத் தகுதியை நீக்கி, நிலத்தை மாநிலத்திற்கும் பிற அமைப்புகளுக்கும் பிரித்துக் கொடுத்தது. அமெரிக்காவில் இவ்வாறு தகுதி பறிக்கப்பட்ட நினைவிடங்கள் மிகச் சிலவே. பாதுகாப்பு என்று அறிவித்துவிட்டுக் காவலுக்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் விடுவது அறிவிக்காமல் இருப்பதைவிட எவ்வகையிலும் மேலானதன்று என்பதற்கு இந்நிகழ்வு தெளிவான சான்று.

சரளைப் பாதை ஒரு சிறு மேட்டைக் கடந்து இறங்கியதும் காட்சி முற்றிலும் மாறுகிறது. பழுப்பும் செம்மையுமாக இருந்த நிலத்தின் நடுவில் பசும்புல், நாணல், நீர். நீரின்மேல் தலைகீழாகக் கிடக்கும் செங்குன்றின் நிழல். கரையோரப் பாதை பெரும்பாலும் சமதளமானது. அதிகாலையில் வருபவர் கரைச் சேற்றில் ஒற்றைக்காலில் நிற்கும் வெண்கொக்கையும், நாணலடியில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் வக்காவையும் காணலாம். வக்கா எனும் இராக்கொக்கு, வேடந்தாங்கலில் காணப்படும் அதே இனம்தான். உலகின் பெரும்பகுதியில் பரவியுள்ள இப்பறவைக்குப் பாலையும் கடற்கரையும் ஒன்றே, நீரும் மீனும் இருந்தால் போதும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துக்கூட்டங்களும், வெண்ணிற அலகுடைய நாமக்கோழிகளும் வந்து சேர்கின்றன. நாமக்கோழிகள் நீரைவிட்டு ஏறிப் புல்தரையில் மேய்வதையும், ஆள் நெருங்கியதும் அகன்ற மடிப்புவிரல்களைப் பரப்பியவாறு ஓடி நீரில் விழுவதையும் மிக அருகிலிருந்தே பார்க்க முடியும்.

பனைமரங்களின் உலர்ந்த ஓலைகளுக்கிடையிலிருந்து கீச்சிடும் பச்சைக் கிளிகள் புதியவரை வியப்பில் ஆழ்த்தும். செம்முகக் காதற்கிளி எனத்தக்க இச்சிறு கிளிகள் ஆப்பிரிக்காவின் தென்மேற்கில், நமீபியாவின் வறண்ட பகுதிகளைத் தாயகமாகக் கொண்டவை. கூண்டுப் பறவைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, தப்பியும் விடுவிக்கப்பட்டும் 1980களிலிருந்து ஃபீனிக்ஸ் பகுதியில் இனம்பெருக்கி, இன்று ஊரின் பறவைகளாகவே ஆகிவிட்டன. ஒரு பாலையிலிருந்து மற்றொரு பாலைக்கு வந்த இவற்றுக்கு வெயில் புதிதன்று. வீட்டுத் தோட்டங்களும் பூங்காக் குளங்களும் தரும் நீர் கிடைத்ததும் வாழ்வு எளிதாயிற்று.

குளக்கரையின் உண்மையான குடிகள் தூண்டில்காரர்களே. மடக்கு நாற்காலி, பிளாஸ்டிக் வாளி, கரையில் ஊன்றிய கவைக்குச்சியில் சாய்த்து வைத்த தூண்டில் கழி ஆகியவற்றோடு விடியுமுன்பே வந்து அமர்பவர்கள் இவர்கள். கெளுத்தி பிடிக்க வருபவர் நரம்பின் நுனிக்குச் சற்று மேலே ஈயக்குண்டைக் கோத்து, முள்ளில் கோழி ஈரலையோ மண்புழுவையோ குத்தி, இரை அடிமண்ணில் கிடக்குமாறு எறிகிறார். ஏனெனில் கெளுத்தி கண்ணால் தேடுவதைவிட மீசையாலும் உடல் முழுவதும் பரவியுள்ள சுவை மொட்டுகளாலும் இரையைத் தேடும் மீன். நரம்பு தளர்வாகக் கிடக்கிறது. நெடுநேரம் ஒன்றும் நிகழ்வதில்லை. பிறகு கழியின் நுனி இருமுறை மெல்லத் துடித்து, மூன்றாவது முறை நீரை நோக்கி வளைகிறது. டிரௌட் பிடிப்பவரோ தக்கையைக் கட்டி, இரை நடுநீரில் தொங்குமாறு விடுகிறார். சிறுவர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் உள்ளங்கை அகலமுள்ள புளூகில் மீன்தான். எந்த இரையையும் தயங்காது கவ்வும் அம்மீன், தூண்டில் பயிலும் பிள்ளைகளுக்கு ஏற்ற ஆசான்.

இம்மீன்கள் தாமாகப் பெருகி நிறைந்தவை அல்ல என்பது அறியத்தக்கது. அரிசோனா வேட்டை மற்றும் மீன்துறை, நகரங்களிலுள்ள பூங்காக் குளங்களைத் தேர்ந்து, அவற்றில் குறிப்பிட்ட இடைவெளியில் வளர்ந்த மீன்களைக் கொண்டுவந்து விடும் சமூக மீன்பிடித் திட்டத்தை நடத்துகிறது. பாபகோ குளங்கள் அத்திட்டத்தில் அடங்குவன. எந்த மீனை எப்போது விடுவது என்பதை நீரின் வெப்பமே தீர்மானிக்கிறது. மலையோடைகளின் குளிர்நீருக்கு உரிய வானவில் டிரௌட், நீர் 25 பாகை செல்சியசை நெருங்கினாலே தளர்ந்து இறந்துவிடும். ஆகவே அது குளிர்மாதங்களில் மட்டும் விடப்படுகிறது. வேனில் தொடங்கியதும் அதனிடத்தை வெதுநீரில் செழிக்கும் கெளுத்தி பெறுகிறது. கடுங்கோடையில் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவதால், அப்பருவத்தில் மீன்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதும் நெருக்கமாக விடுவதும் அவற்றுக்குக் கேடாகும். 10 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் தேவை. ஒருவர் ஒருநாளில் எத்தனை மீன் எடுத்துச் செல்லலாம் என்பதற்கு இனவாரியாக வரம்பும் உண்டு. உரிமக் கட்டணமே இத்திட்டத்தின் செலவைத் தாங்கும் தூண்களுள் ஒன்று. ஏரிகளுக்கு நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிச் செல்ல வசதியில்லாத குடும்பங்களுக்கு, நகரப் பேருந்தில் வந்திறங்கி மீன்பிடிக்க ஒரு கரை கிடைப்பது சிறிய நன்மையன்று.

ஆனால் இக்குளங்களில் அரிசோனாவின் தொன்மையான மீன் ஒன்றுகூட விடப்படுவதில்லை. கெளுத்தியும் புளூகிலும் அமெரிக்காவின் கிழக்குப் பாதியைச் சேர்ந்தவை. வானவில் டிரௌட் பசிபிக் கரையோர ஆறுகளுக்கு உரியது. பூங்காவுக்குத் தெற்கே ஓடிய சால்ட் ஆற்றில் ஒருகாலத்தில் வாழ்ந்தவை வேறு. முதுகில் கத்திமுனைபோல் எழுந்த கூனுடைய ரேசர்பேக் சக்கர் எனும் பெருமீன் அவற்றுள் ஒன்று. அருகிலுள்ள தொல்லியல் மேடுகளில் அதன் எலும்புகள் கிடைத்திருப்பதால், பண்டை மக்களின் உணவாக அது இருந்தது தெரிகிறது. இன்று அது அழிவின் விளிம்பிலுள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. காரணத்தைத் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1908இல் கிரானைட் ரீஃப் எனும் திருப்பணை கட்டப்பட்டு, ஆற்றுநீர் வடபுறக் கால்வாய்க்கும் தென்புறக் கால்வாய்க்கும் முழுவதுமாகத் திருப்பப்பட்டது; 1911இல் மேல்நிலத்தில் ரூஸ்வெல்ட் அணை நிறைவுற்று வெள்ளத்தையும் தேக்கிக்கொண்டது. அன்றுமுதல், பெருவெள்ளம் வந்து அணைகளைத் திறக்கும் நாட்கள் தவிர, ஃபீனிக்ஸைக் கடக்கும் சால்ட் ஆறு பெரும்பாலும் மணலும் கூழாங்கல்லும் மட்டுமே. ஆறு வறண்ட ஊரில் குளங்கள் நிரம்பியிருக்கின்றன என்றால், ஆற்றின் நீர் வேறு பாதையில் ஓடுகிறது என்பதே பொருள். அப்பாதைகளுள் ஒன்றான கிராஸ்கட் கால்வாய் இப்பூங்காவின் கிழக்குப் பகுதி வழியாகவே செல்கிறது.

இவ்வூரில் வாய்க்கால் வெட்டும் கலை ஐரோப்பியரோடு வந்ததன்று. தொல்லியலார் ஹொஹோகாம் எனப் பெயரிட்டு அழைக்கும் மக்கள், கி.பி. முதலாயிரத்தின் முற்பாதி தொடங்கி ஏறத்தாழ 1450 வரை, சால்ட் ஆற்றிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்கு வாய்க்கால்கள் வெட்டி மக்காச்சோளமும் அவரையும் பருத்தியும் விளைவித்தனர். இரும்புக் கருவியோ இழுவை விலங்கோ இல்லாமல், கல்லாலும் மரக்கோலாலும் தோண்டிக் கூடைகளில் மண் சுமந்து செய்த பணி அது. தலைப்பு வாய்க்கால் அகன்றும், கிளைகள் படிப்படியாகக் குறுகியும் செல்லுமாறும், நீர் கரையை அரிக்கும் வேகமோ வண்டலைத் தேக்கும் தளர்வோ கொள்ளாதவாறும் சரிவு அமைத்த அவர்களின் நுட்பத்தை, காவிரிப் படுகையின் வாய்க்கால்களை அறிந்த தமிழ் வாசகர் எளிதில் மதிப்பிடுவர். கைவிடப்பட்டு நான்கு நூற்றாண்டு கழிந்தபின், 1867இல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் அந்தப் பழைய தடங்களைத் தூர்வாரி நீர் பாய்ச்சும் நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய நாகரிகத்தின் எச்சத்திலிருந்து எழுவதாகக் கருதியே புதிய ஊருக்கு ஃபீனிக்ஸ் எனும் பறவையின் பெயர் இடப்பட்டது. இன்றைய கால்வாய்கள் சில அப்பழந்தடங்களையே பின்பற்றுகின்றன.

எழுவதாகச் சொல்லப்பட்ட அந்த ஊர், பழைய மக்கள் அழிந்துபோயினர் என்னும் எண்ணத்தையும் உடன் வளர்த்துக்கொண்டது, அது பிழையானது. ஓ'ஓதாம் மக்கள் தம்மை அவ்வாய்க்கால்களை வெட்டியோரின் வழித்தோன்றல்களாகவே கருதுகின்றனர். பூங்காவின் பெயரிலுள்ள பாபகோ என்பது அவர்களுள் பாலைநில மக்களுக்குப் பிறர் இட்ட பெயர். அவர்கள் 1986இல் தம் அரசியலமைப்பில் அதைக் கைவிட்டுத் தொஹோனோ ஓ'ஓதாம் எனும் தம் சொந்தப் பெயரை நிலைநாட்டிவிட்டனர். ஆற்றுமக்களான அக்கிமெல் ஓ'ஓதாம், கிலா ஆற்றின் நீரால் கோதுமை விளைவித்து, மேற்கே சென்ற பயணிகளுக்கும் படைகளுக்கும் தானியம் விற்கும் அளவுக்கு வளத்தோடு வாழ்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் மேல்நிலத்துக் குடியேறிகள் நீரைத் திருப்பிக்கொண்டதால், அவ்வயல்கள் காய்ந்து அம்மக்கள் பட்டினிக்கு உள்ளாயினர். 2004ஆம் ஆண்டின் அரிசோனா நீர்த் தீர்வுச் சட்டமே கிலா ஆற்றுப் பழங்குடிச் சமூகத்திற்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர் அடி நீர் உரிமையை உறுதி செய்தது; ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி, அதாவது ஏறத்தாழ 12 லட்சம் லிட்டர். நூறாண்டுக்கு மேல் தாமதித்து வந்த நீதி அது.

கிராஸ்கட் கால்வாயின் கரையை ஒட்டி நடக்கையில் நினைவுக்கு வர வேண்டிய மற்றொரு நிகழ்வு இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. இப்பகுதியில் அப்போது அமைந்திருந்த கைதி முகாமில் ஜெர்மானியக் கடற்படையினர், குறிப்பாக நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றியவர்கள், அடைக்கப்பட்டிருந்தனர். விளையாட்டுத் திடல் அமைப்பதாக அனுமதி பெற்று, தோண்டிய மண்ணை அத்திடலில் பரப்பி மறைத்து, 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கம் ஒன்றைக் கடினமான சரளை நிலத்தில் வெட்டினர். அது கிராஸ்கட் கால்வாயின் கரையில் சென்று முடிந்தது. 1944 டிசம்பர் 23ஆம் நாள் இரவில் 25 பேர் அதன் வழியே வெளியேறினர். அவர்களுள் மூவர் மடக்கக்கூடிய படகொன்றைச் சிறிது சிறிதாகச் செய்து கொண்டுசென்றனர். வரைபடத்தில் நீலக்கோடாக ஓடிய ஆறுகளின் வழியே மிதந்து மெக்சிகோவை அடைந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. கடலறிந்த அம்மனிதர்கள் ஆற்றை அடைந்தபோது அங்கே இருந்தது சேறும் சிறு குட்டைகளும்தான். தப்பியவர் அனைவரும் பிடிபட்டனர். இறுதியாகச் சிக்கியவர், யூ-162 எனும் நீர்மூழ்கிக்குத் தலைமை வகித்த யூர்கன் வாட்டன்பெர்க், 1945 சனவரி 28இல். அணைகளுக்குப் பின் ஓர் ஆறு எவ்வாறு வரைபடத்தில் மட்டும் எஞ்சுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்வு இப்பள்ளத்தாக்கின் வரலாற்றில் இல்லை.

குளங்களை ஒட்டி வேலிக்கப்பால் தெரிவது 1962இல் திறக்கப்பட்ட ஃபீனிக்ஸ் விலங்குக்காட்சிச் சாலை. அதற்கு முன்பு அந்நிலத்தில் அரசின் மீன்குஞ்சுப் பண்ணை இருந்தது. பாலையில் மீன் வளர்த்த அதே நிலத்தில், அடுத்த ஆண்டே, உலகின் மற்றொரு பாலைநிலத்து உயிர் அடைக்கலம் பெற்றது. அரபுப் பாலையின் நீள்கொம்பு மானான ஓரிக்ஸ், வேட்டையால் அழியும் நிலைக்கு வந்தபோது, எஞ்சியவற்றுள் சிலவற்றைத் திரட்டி, தட்பவெப்பம் ஒத்திருந்த காரணத்தால் ஃபீனிக்ஸுக்கு அனுப்பினர். இயற்கைச் சூழலில் வாழ்ந்த இறுதி ஓரிக்ஸ் 1972இல் சுட்டுக் கொல்லப்பட்டது. ஆனால் காப்பிடங்களில் பெருகிய வழித்தோன்றல்கள் 1982இல் ஓமானின் வெளியில் மீண்டும் விடப்பட்டன. உயிரினப் பாதுகாப்பின் வரலாற்றில் இது முன்னோடியான வெற்றி.

குளத்தைச் சுற்றி முடித்தவர் அடுத்து ஏறுவது துளைப்பாறை. பின்புறமாகச் சுற்றிச் செல்லும் குறுகிய பாதையும் இறுதியில் சில கற்படிகளும் அத்துளையில் கொண்டுசேர்க்கின்றன. அருகில் நின்று பாறையைத் தொட்டுப் பார்த்தால், அது ஒரே கல்லன்று என்பது புலப்படும். கூர்முனை மழுங்காத கருங்கல் துண்டுகள் செம்மண் காரையில் பதிந்து இறுகியதே இப்பாறை. முனைகள் மழுங்காமையால், அத்துண்டுகள் ஆற்றில் நெடுந்தூரம் உருண்டு வந்தவை அல்ல, அருகிலிருந்த மலைகளிலிருந்து சரிவுகளாலும் திடீர் வெள்ளங்களாலும் வந்து குவிந்தவை என நிலவியலார் அறிகின்றனர். செம்மை நிறம் இரும்பின் துருவால் வந்தது. ஈரமும் உப்பும் பாறையின் மென்பகுதிகளை உள்ளிருந்து அரித்ததால் ஏற்பட்ட குழிகளை டஃபோனி என்பர். துளைப்பாறையும் அவ்வாறு உருவானதே. இதன் மேற்கூரையிலுள்ள சிறு துளை வழியே விழும் ஒளியின் நகர்வைக் கொண்டு, பண்டை மக்கள் கதிர்த்திருப்ப நாட்களையும் பகலிரவு ஒத்த நாட்களையும் கணித்ததாகக் கருதப்படுகிறது. விதைப்புக்கும் வாய்க்கால் பராமரிப்புக்கும் நாட்கணக்கு இன்றியமையாத வேளாண் மக்களுக்கு அது வெறும் வேடிக்கையாக இருந்திருக்க முடியாது. அங்கிருந்து நோக்கினால் கீழே குளங்கள், பனைகள், அப்பால் நகரின் உயர்கட்டடங்கள் என எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். பூங்காவின் மற்றொரு சிறு குன்றின்மேல், மாநிலத்தின் முதல் ஆளுநரான ஜார்ஜ் ஹன்ட்டின் வெண்ணிறப் பிரமிடுக் கல்லறை உள்ளது.

பாலையில் குளம் வைத்திருப்பது வீண் என்னும் வாதம் இப்போது வலுவாக எழுப்பப்படுகிறது. அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. கொலராடோ ஆற்றின் நீர்த்தேக்கங்கள் தாழ்ந்ததால், அந்த ஆற்றின் வரலாற்றிலேயே முதன்முறையாக 2021 ஆகஸ்டில் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, 2022இல் அரிசோனாவின் பங்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி குறைக்கப்பட்டது. ஃபீனிக்ஸின் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பு ஓராண்டில் ஒரு மனிதனின் உயரத்திற்குக் குறையாமல் ஆவியாகிவிடுகிறது. எனினும் எல்லாக் குளங்களையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. வேலிக்குள் ஒரு குடும்பம் மட்டும் குளிக்கும் நீச்சல் தொட்டிகளும், கட்டணம் செலுத்துவோர் மட்டும் நுழையும் கோல்ஃப் திடல்களும் பல்லாயிரக்கணக்கில் நீரைக் குடிக்கும் பள்ளத்தாக்கில், யாரும் வந்தமர்ந்து தூண்டில் போடவும், வலசைப் பறவைகள் இறங்கவும் இடம்தரும் சில ஏக்கர் பொதுநீரை முதலில் குறைக்கச் சொல்வது முறையன்று. குறைக்கத்தான் வேண்டுமெனில், வேலியிட்ட நீரிலிருந்தே தொடங்க வேண்டும்.

அருகிலுள்ள சாண்ட்லர் நகரிலும் டெம்பியிலும் மின்னணுத் தொழிற்சாலைகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களைக் காண ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்துச் செல்ல இதைவிட ஏற்ற இடம் அருகில் இல்லை. வருபவர் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களைத் தேர்வது நல்லது. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் இந்நகரின் உச்ச வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டியது. அத்தகைய பருவத்தில் எளிய நடை என்று எதுவும் இல்லை, காலை எட்டு மணிக்கே சரளை கொதிக்கத் தொடங்கிவிடும். ஆளுக்கொரு லிட்டர் நீரேனும் கையில் இருக்க வேண்டும். குளம் கண்ணெதிரே இருப்பதைக் கொண்டு குடிநீரை மறந்துவிடலாகாது. நேரமிருப்பவர்கள், சில கிலோமீட்டர் மேற்கே பழைய வாய்க்கால்களின் எச்சங்களைக் காத்துநிற்கும் செடவ் வாஆக்கி அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுக் குளத்திற்கு வந்தால், நீர் வந்த வழி விளங்கும். சவாரோவின் அருகில் சென்று படம் எடுப்பவர், அதன் அடியில் முளைத்திருக்கக்கூடிய இளஞ்செடிகளை மிதித்துவிடாமல் பாதையிலேயே நிற்க வேண்டும். கரையில் அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்பு கொக்கின் காலிலும் வாத்தின் அலகிலும் சுற்றிக்கொண்டு அவற்றைக் கொல்கிறது. அத்தகைய துண்டொன்றைக் கண்டால் சுருட்டியெடுத்துக் குப்பைத்தொட்டியில் இட்டுவிட்டு வருமாறு வாசகர் வேண்டிக்கொள்ளப்படுகின்றனர்.